ஃபார்மட் செய்யும் முன்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் தேனி மாவட்டத்தின் தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, போடிநாயக்கனூர், உத்தமபாளையம் ஆகிய ஐந்து வட்டங்களிலும், அதுவரை கணினியே பார்த்திராத வீடுகளுக்குப் பள்ளிப் பிள்ளைகளின் கையோடு கணினி வந்து சேர்ந்தது. விடியற்காலையில் ஜீப் ஏறி மலைமேல் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களின் வீடுகளும் அவற்றில் அடக்கம். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்த மடிக்கணினிகளில் விண்டோஸ் இருந்தது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள்.

இந்த மடிக்கணினிகள் சர்வீஸ் கடைக்கு வந்தபோது அடிக்கடி காதில் விழுந்த தீர்ப்பு ஒன்றுதான்: “ஓ.எஸ். போயிருச்சு, ஃபார்மட் அடிச்சுப் புதுசாப் போட்டாத்தான் சரியாகும்.” மாணவர்களின் மடிக்கணினிக்கு மட்டுமல்ல, போட்டோ ஸ்டுடியோவின் கணினிக்கும் ஏலக்காய்க் கடையின் கணக்குக் கணினிக்கும் இன்றுவரை இதே மருந்துதான். ஃபார்மட் அடித்தால் கணினி எழுந்துவிடும். ஆனால் ஒரு குடும்பத்தின் திருமணப் படங்களும், ஒரு கடையின் மூன்றாண்டுக் கணக்கும், ஒரு மாணவியின் ப்ராஜெக்டும் அதோடு போய்விடக்கூடும்.

கணினி எழவில்லை என்பதற்கும் அதிலிருந்த கோப்புகள் அழிந்துவிட்டன என்பதற்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. பழுது பல சமயம் சில நூறு பைட் அளவே உள்ள ஓர் இடத்தில் இருக்கும். அதைச் சரிசெய்யும் கருவிகள் நாம் ஃபார்மட் அடிக்கப் பயன்படுத்தும் அதே இன்ஸ்டலேஷன் டிஸ்க்குக்குள் இருக்கின்றன. அவை என்ன, எந்த வரிசையில் அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்று பார்ப்போம்.

பொத்தானிலிருந்து முகப்புத் திரை வரை

முல்லைப் பெரியாற்று நீர் சுரங்கம் வழியாக மலையைக் கடந்து லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. அங்கிருந்து பழனிசெட்டிபட்டி வரை வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கிறது. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் யாரும் அந்த வயலை உழுது புரட்டிப் போடுவதில்லை. எந்த மடை அடைத்திருக்கிறது என்று வாய்க்காலோடு மேலே நடந்துபோய்ப் பார்ப்பார்கள். கணினி எழுவதும் இப்படி ஒரு கட்டம் அடுத்த கட்டத்துக்குக் கைமாற்றிவிடும் தொடர்தான்.

முதல் கட்டம், தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு சிப்பில் எழுதப்பட்டிருக்கும் பயாஸ். பொத்தானை அழுத்தியதும் அது நினைவகம், விசைப்பலகை, வட்டு ஆகியவற்றைச் சோதிக்கும். பிறகு ஹார்டு டிஸ்க், டிவிடி, பென் டிரைவ் என்று தன்னிடம் குறித்து வைத்திருக்கும் வரிசைப்படி, இயங்குதளத்தைத் தொடங்கும் தகுதி எதற்கு இருக்கிறது என்று தேடும்.

இரண்டாம் கட்டம், ஹார்டு டிஸ்க்கின் முதல் பகுதி. அதன் அளவு 512 பைட் மட்டுமே. அதில் 446 பைட் தொடக்க நிரலுக்கு உரியது. 64 பைட்டில் வட்டு எத்தனை பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணை இருக்கும். கடைசி 2 பைட், ‘இது தொடங்கக்கூடிய வட்டு’ என்று பயாஸுக்குச் சொல்லும் முத்திரை. மாஸ்டர் பூட் ரெக்கார்டு என்று அழைக்கப்படும் இந்தச் சிறு இடம் சிதைந்தால், ஐந்நூறு ஜிபி வட்டில் மற்ற அனைத்தும் நன்றாக இருந்தாலும் திரை கறுப்பாகவே நிற்கும்.

மூன்றாம் கட்டம் பூட் மேனேஜர். விண்டோஸ் எக்ஸ்பியில் இதன் பெயர் என்.டி.எல்.டி.ஆர். விஸ்டா முதல் பூட்எம்ஜிஆர். எந்த இயங்குதளம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதைப் பூட்எம்ஜிஆர் பிசிடி என்ற தரவுக் கோப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ளும். லினக்ஸில் இந்த வேலையைச் செய்வது க்ரப். நான்காம் கட்டத்தில்தான் இயங்குதளத்தின் கருநிரல், வட்டையும் திரையையும் இயக்கும் டிரைவர்கள், விண்டோஸின் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி ஆகியவை நினைவகத்துக்கு வருகின்றன. அதன்பிறகே கடவுச்சொல் கேட்கும் திரை.

எந்தக் கட்டத்தில் ஓட்டம் நின்றது என்பதைத் திரையே சொல்கிறது. இயங்குதளம் கிடைக்கவில்லை என்று வந்தால் முதல் அல்லது இரண்டாம் கட்டம்: வட்டின் கேபிள் தளர்ந்திருக்கலாம், வட்டே செயலிழந்திருக்கலாம், முத்திரை சிதைந்திருக்கலாம். பூட்எம்ஜிஆர் காணவில்லை என்று வந்தால் மூன்றாம் கட்டம். விண்டோஸ் சின்னம் தோன்றிய பிறகு நீலத் திரை வந்தால் நான்காம் கட்டம். இந்தச் செய்தியைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டாலே பழுதுபார்ப்பதில் பாதி வேலை முடிந்துவிடும்.

ஏன் பழுதாகிறது?

முதல் காரணம் மின்சாரம். 2012-இல் தமிழகம் பல மணி நேர மின்வெட்டில் தவித்தது. அப்போது யு.பி.எஸ். இல்லாத மேசைக் கணினிகள் வேலையின் நடுவே அணைந்து அணைந்து எரிந்தன. வட்டில் ஒரு கோப்பு எழுதப்படும் நொடியில் மின்சாரம் போனால், பாதி எழுதியது பாதியாகவே நிற்கும். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறை, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு பிறகே செய்கிறது. அதனால் பெரும்பாலான சமயங்களில் அதுவே தன்னைச் சரிசெய்துகொள்ளும். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போதோ, ரெஜிஸ்ட்ரி எழுதப்படும்போதோ மின்சாரம் போனால் அந்தப் பாதுகாப்பும் போதாமல் போகலாம். ஐப்பசி, கார்த்திகை மாத இடிமின்னலும், பேட்டரி செத்துப்போய் நேராக மின்சாரத்தில் ஓடும் பழைய மடிக்கணினிகளும் இதே ஆபத்தில் இருக்கின்றன.

இரண்டாம் காரணம், இரட்டை இயங்குதளக் கணினிகளுக்கே உரியது. லினக்ஸ் இருக்கும் பிரிவு தேவையில்லை என்று நினைத்து, படமும் பாட்டும் வைக்க இடம் வேண்டி அதை அழித்துவிடுவார்கள். க்ரப்பின் முதல் துண்டு வட்டின் அந்த 446 பைட்டிலும் அதை அடுத்த சிறு இடத்திலும் இருக்கும். மீதி, அழிக்கப்பட்ட லினக்ஸ் பிரிவில் இருந்திருக்கும். மறுமுறை பொத்தானை அழுத்தும்போது முதல் துண்டு தன் மீதியைத் தேடிக் காணாமல் ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்ற வரியோடு நின்றுவிடும். விண்டோஸ் அருகிலேயே முழு நலத்துடன் இருக்கும். அதற்கு வழிகாட்டத்தான் யாரும் இல்லை. இதற்கும் பலர் ஃபார்மட் அடித்திருக்கிறார்கள். விண்டோஸ் டிஸ்க்கிலிருந்து ஒரே ஒரு கட்டளை போதும், தொடக்க நிரல் மறுபடி எழுதப்பட்டுவிடும். மாறாக, விண்டோஸைப் புதிதாகப் போட்டதால் லினக்ஸ் மறைந்துபோனால் நிறுவாமலே ஓடும் லினக்ஸ் லைவ் டிஸ்க் கொண்டு க்ரப்பை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம்.

மூன்றாம் காரணம் பலருக்கும் தெரியாதது. தாய்ப்பலகையில் உள்ள சிறு வட்ட பேட்டரி தீர்ந்துபோனால் பயாஸ் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். அப்போது ஹார்டு டிஸ்க்கோடு பேசும் முறை மாறிவிட்டால், விண்டோஸ் 7 நீலத் திரையில் 7பி என்ற குறியெண்ணைக் காட்டி நிற்கும். கணினியின் தேதியும் பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். இதற்கு டிஸ்க்கே வேண்டாம். பேட்டரியை மாற்றி, பயாஸில் அந்த அமைப்பைப் பழையபடி வைத்தால் போதும்.

டிஸ்க்குக்குள் என்ன இருக்கிறது?

சிடியிலிருந்து கணினியைத் தொடங்கும் முறையை ஐ.பி.எம்., ஃபீனிக்ஸ் நிறுவனங்கள் 1995-இல் வகுத்தன. எல் டொரிட்டோ என்பது அந்தத் தரத்தின் பெயர். அதன்படி பயாஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன் டிஸ்க்கைப் படித்து, அதிலுள்ள ஒரு சிறு விண்டோஸை நேராக நினைவகத்தில் ஏற்றுகிறது. கட்டளைத் திரையில் எக்ஸ் என்ற எழுத்தோடு தோன்றும் டிரைவ், நினைவகத்தில் அமைந்த இந்தச் சிறு விண்டோஸ்தான். நாம் கட்டளையிடும்வரை அது ஹார்டு டிஸ்க்கில் உள்ள எதையும் மாற்றுவதில்லை. டிஸ்க்கைப் போட்டாலே எல்லாம் அழிந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

கணினியை எழுப்பியதும் எஃப்12 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். கம்பெனிக்குக் கம்பெனி விசை மாறும். டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்ததும் மொழி கேட்கும். அடுத்த திரையின் நடுவில் ‘இன்ஸ்டால் நவ்’ என்று பெரிய பொத்தான். இடது கீழ் மூலையில் ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’ என்று சிறிய எழுத்தில் ஒரு வரி. நாம் அழுத்த வேண்டியது அந்தச் சிறிய வரியைத்தான்.

உள்ளே போனால் ஸ்டார்ட்அப் ரிப்பேர், சிஸ்டம் ரீஸ்டோர், கட்டளைத் திரை ஆகிய கருவிகள் இருக்கும். விண்டோஸ் 7 டிஸ்க்கில் நினைவகச் சோதனையும் இதே பட்டியலில் உண்டு. இவற்றைக் கண்டபடி அழுத்தாமல் ஒரு வரிசைப்படி செல்வது நல்லது.

முதல் படி: தரவை வெளியே எடுங்கள்

எந்தப் பழுதுபார்ப்புக்கும் முன்னால் கோப்புகளைக் காப்பாற்றிவிட வேண்டும். கட்டளைத் திரையைத் திறந்து நோட்பேட் என்று தட்டினால் நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் என்று போய், ‘எல்லாக் கோப்புகளும்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் வட்டில் உள்ள ஃபோல்டர்கள் அனைத்தும் தெரியும். அங்கிருந்தே காப்பி செய்து பென் டிரைவில் பேஸ்ட் செய்யலாம். வழக்கமான சி டிரைவ் இங்கே டி என்று எழுத்து மாறித் தெரியலாம், பதற வேண்டாம். பெரிய அளவில் எடுக்க வேண்டுமானால் லினக்ஸ் லைவ் டிஸ்க் இன்னும் வசதி. விண்டோஸ் கோப்புகளை அது எளிதாகப் படிக்கும்.

வட்டிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வந்தாலோ, ஒரு சிறு கோப்பை நகலெடுக்கவே நெடுநேரம் ஆனாலோ, அது இயங்குதளப் பழுதல்ல. வட்டே தேய்ந்துவிட்டது. அந்த நிலையில் பழுதுபார்க்கும் கட்டளைகளை ஓட்டுவது அதன் மிச்ச ஆயுளையும் தின்றுவிடும். முக்கியமான கோப்புகளை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டு வட்டை மாற்றுவதே வழி.

இரண்டாம் படி: கருவிகளை வரிசையாக ஓட்டுங்கள்

ஸ்டார்ட்அப் ரிப்பேர் முதலில். அது பூட் கோப்புகள், பிரிவு அட்டவணை, ரெஜிஸ்ட்ரி ஆகியவற்றைத் தானே சோதித்துச் சரிசெய்யும். ஒரே ஓட்டத்தில் எல்லாப் பழுதும் தீராது. மூன்று முறை வரை ஓட்டிப் பார்ப்பது வழக்கம்.

அது கைவிட்டால் கட்டளைத் திரை. பயாஸ் முறையில் எழும் கணினிகளுக்கு பூட்ரெக் என்ற கருவி உண்டு. அதில் ஃபிக்ஸ்எம்பிஆர் என்பது வட்டின் முதல் 446 பைட்டில் உள்ள தொடக்க நிரலை மட்டும் புதிதாக எழுதுகிறது. பிரிவு அட்டவணையைத் தொடுவதில்லை. ஃபிக்ஸ்பூட் என்பது விண்டோஸ் பிரிவின் தொடக்கப் பகுதியைச் சரிசெய்கிறது. ரீபில்ட்பிசிடி என்பது வட்டு முழுவதும் விண்டோஸைத் தேடிப் பிடித்து, பூட் மேனேஜரின் தரவுக் கோப்பில் சேர்க்கிறது. இந்த மூன்றும் சில நொடிகளில் முடிந்துவிடும். உங்கள் ஆவணங்கள் எதையும் இவை தீண்டுவதில்லை.

நான்காம் கட்டப் பழுதுக்கு வேறு கருவிகள். செக்டிஸ்க் கோப்பு முறையின் அட்டவணைகளைச் சரிபார்க்கிறது. எஸ்.எஃப்.சி. விண்டோஸின் கணினிக் கோப்புகள் ஒவ்வொன்றையும் அதனதன் மூலநகலோடு ஒப்பிட்டு, மாறியிருப்பதை மட்டும் மாற்றிவைக்கிறது. டிஸ்க்கிலிருந்து ஓட்டும்போது விண்டோஸ் எந்த டிரைவில் இருக்கிறது என்பதையும் கட்டளையில் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது நினைவகத்தில் உள்ள சிறு விண்டோஸைச் சோதித்துவிட்டு நிற்கும். மூலநகலே கெட்டிருந்தால், விண்டோஸ் 8 முதல் டிஸ்ம் என்ற கருவி இன்ஸ்டலேஷன் டிஸ்க்கிலிருந்தே நல்ல கோப்புகளை எடுத்துக் கொடுக்கும்.

புதிய டிரைவரோ மென்பொருளோ போட்ட பிறகு பழுது வந்திருந்தால் சிஸ்டம் ரீஸ்டோர் சிறந்தது. அது கணினிக் கோப்புகளையும் ரெஜிஸ்ட்ரியையும் முந்தைய ஒரு நாளின் நிலைக்குக் கொண்டுபோகும். படங்களும் ஆவணங்களும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

டிஸ்க் ஒத்துழைக்காதபோது

சில சமயம் ரிப்பேர் பகுதிக்குள் போனதும், இந்த டிஸ்க் உங்கள் விண்டோஸுக்குப் பொருந்தாது என்ற செய்தி வரும். 64 பிட் விண்டோஸைச் சரிசெய்ய 32 பிட் டிஸ்க்கைப் போட்டால் இது நேரும். விண்டோஸ் 7-க்கு விண்டோஸ் 7 டிஸ்க், 10-க்கு 10 டிஸ்க், பிட் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கீறல் விழுந்த டிவிடி பாதியில் நிற்பதும் சகஜம். டிவிடி டிரைவ் இல்லாத இன்றைய கணினிகளுக்கு 8 ஜிபி பென் டிரைவ் போதும். வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் கருவியைக் கொண்டு அதை நீங்களே தயாரிக்கலாம். கைமாறிக் கைமாறி வரும் கிராக் செய்த டிஸ்க்கை நம்ப வேண்டாம். அதில் வேறு யார் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கண்டறிய வழியில்லை.

புதிய கணினிகளில் பயாஸின் இடத்தை யுஇஎஃப்ஐ பிடித்துவிட்டது. பழைய பிரிவு அட்டவணை 2 டெராபைட்டுக்கு மேல் உள்ள வட்டை முழுமையாகக் கையாளாது என்பதால் ஜிபிடி என்ற புதிய அட்டவணை வந்தது. இவற்றில் பூட் கோப்புகள் தனியாக ஒரு சிறு பிரிவில் இருக்கின்றன. இங்கே பழைய பூட்ரெக் கட்டளைகள் பல சமயம் பலிக்காது. பிசிடிபூட் என்ற கட்டளைதான் அந்தச் சிறு பிரிவுக்குக் கோப்புகளைப் புதிதாக எழுதித் தரும். வட்டு விண்டோஸின் பிட்லாக்கர் என்ற மறையாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணையும் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் எந்த டிஸ்க்காலும் உதவ முடியாது. அதைக் காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

அந்த எண் எவ்வளவு முக்கியம் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகம் நேரில் பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கான தீர்வு, கணினியைச் சேஃப் மோடிலோ மீட்புச் சூழலிலோ எழுப்பி அந்த ஒரு கோப்பை அழிப்பதுதான். நான்காம் கட்டத்தில் ஒரே ஒரு தடை. அதை நீக்கியதும் எல்லாம் எழுந்தன. பிட்லாக்கர் எண் கையில் இல்லாத இடங்களில்தான் வேலை இழுத்தது.

புதிதாகப் போட்டே ஆக வேண்டுமென்றால்

எதுவும் பலிக்காமல் விண்டோஸைப் புதிதாக நிறுவும் நிலை வந்தாலும் ஃபார்மட் கட்டாயமில்லை. டிஸ்க்கிலிருந்து நிறுவும்போது ‘கஸ்டம்’ என்பதைத் தேர்ந்து, பிரிவை அழிக்காமலும் ஃபார்மட் செய்யாமலும் மேலே போனால், பழைய விண்டோஸும் பயனர் கோப்புகளும் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டருக்கு நகர்த்தப்படும். மென்பொருள்களை மறுபடி நிறுவ வேண்டியிருக்கும். ஆனால் படங்களும் ஆவணங்களும் அந்த ஃபோல்டரில் இருக்கும். கையோடு வெளியே எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஃபார்மட் அடித்தாகிவிட்டதா? குவிக் ஃபார்மட் என்றால் கோப்புகளின் முகவரிப் பட்டியல் மட்டுமே புதிதாக எழுதப்பட்டிருக்கும். பழைய வகை ஹார்டு டிஸ்க்கில் கோப்புகள் அப்படியே கிடக்கும். அதன்மேல் புதிதாக எதையும் எழுதாமல் உடனே கணினியை அணைத்துவிட்டால் மீட்பு மென்பொருள்களால் பெரும்பகுதியை எடுக்க வாய்ப்புண்டு. முழு ஃபார்மட் என்றால் விஸ்டா முதல் வட்டு முழுவதும் பூஜ்யம் எழுதப்படுகிறது, மீட்பு இல்லை. எஸ்.எஸ்.டி. என்றால் குவிக் ஃபார்மட்டிலும் நம்பிக்கை குறைவு. காலியானதாகக் குறிக்கப்பட்ட இடங்களை அது தானே துடைத்துவிடும்.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2020 ஜனவரி 14-உடனும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடனும் முடிந்துவிட்டன. வீட்டில் கிடக்கும் பழைய அரசு மடிக்கணினிக்கு லினக்ஸ் இன்றும் உயிர் கொடுக்கும். பாஸ் போன்ற இயங்குதளங்கள் இலவசம், தமிழிலும் இயங்கும். தட்டச்சு கற்கவும், பாடங்களைப் படிக்கவும், கடைக் கணக்கு வைக்கவும் அது போதும்.

சர்வீஸ் கடைக்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு நாளில் பத்துக் கணினிகளைத் தொட வேண்டிய கடையில் ஃபார்மட்தான் வேகமான வழி. கோப்புகள் வேண்டும் என்று வாடிக்கையாளர் சொல்லாதபோது கடைக்காரர் அந்த வழியில் போவது இயல்பு. ஆகவே கணினியைக் கொடுக்கும்போதே சொல்லுங்கள்: “அண்ணே, முதல்ல டேட்டாவை எடுத்துருங்க. ரிப்பேர் பண்ணிப் பாருங்க. ஃபார்மட் அடிக்கணும்னா என்னைக் கேட்டுட்டு அடிங்க.” அந்தக் கூடுதல் உழைப்புக்கு உரிய கூலியையும் தயங்காமல் கொடுங்கள். அதற்கும் முன்னால், கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இந்த வாரத்திலேயே மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். முக்கியக் கோப்புகளைத் தனியாக ஒரு வட்டில் நகலெடுங்கள். உங்கள் விண்டோஸுக்குப் பொருந்தும் ஒரு பென் டிரைவைத் தயாரித்து வையுங்கள். பிட்லாக்கர் எண்ணைக் காகிதத்தில் எழுதுங்கள். இந்த மூன்றும் இருந்தால் கணினி எழாத நாளில் நேரம் மட்டுமே போகும், கோப்புகள் போகாது.